மூடாத குழாய்: பொறுத்துப் பார்ப்பதா, கொழும்புக்குப் போவதா?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு நிறைமாதத்தில் பிறந்த பெண்பிள்ளை. பிறந்தபோது 2.7 கிலோ, இப்போது 5 மாதம், 5.1 கிலோ. தடுப்பூசிக்குக் கொண்டுபோன கிளினிக்கில் நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தவர்கள் “பி.டி.ஏ., 3 மில்லிமீட்டர்” என்று துண்டில் எழுதி, கொழும்பில் காட்டி அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் இதயத்தில் ஓட்டை இருந்து 2 வயதில் தானாக மூடியதாம், அதனால் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் அப்பா. மலைக்குளிர்தான் காரணம் என்கிறார் ஒருவர். கிரகணத்தன்று கொழுந்தெடுக்கப் போனதால் வந்த வினை என்கிறார் அப்பாயி. தம்பி, நீங்கள் கேட்பதைக் கூட்டிக்கழித்துப் பார்த்தால் ஒரே கேள்விதான்: இது தானாக மூடுகிற ஓட்டையா, மூடாத ஓட்டையா? பிள்ளையையும் எக்கோ படத்தையும் நேரில் பார்க்காமல் அவளுக்கு இன்னதுதான் செய்யவேண்டும் என்று நான் சொல்வது முறையல்ல. அது அவளைப் பார்த்த இதய வைத்தியரின் பொறுப்பு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விவரங்களை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் இந்த “ஓட்டை” என்ற சொல்லைப் பார்ப்போம். வீட்டில் நடக்கிற சண்டைக்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்தான். கிளினிக்கில் எல்லாருக்கும் புரியட்டும் என்று ஓட்டை என்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு சங்கதிகள் அடங்கிக் கிடக்கின்றன. பி.எஃப்.ஓ. என்பது மேலறைகளான இரண்டு சோணையறைகளுக்கும் நடுவே கருவிலிருந்தே இருக்கிற ஒரு சின்னக் கதவு. பிறந்தபின் அது ஒட்டிக்கொள்ளும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒட்டாமலே இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே வராது. ஏ.எஸ்.டி. என்பது அதே சுவரில் உண்மையாகவே சதை குறைந்துபோன இடம். வி.எஸ்.டி. என்பது கீழறைகளான இதயவறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் துளை. தசைப் பகுதியில் வருகிற சிறிய வி.எஸ்.டி.கள் முதல் இரண்டு வருடங்களுக்குள் பெரும்பாலும் தானாக மூடிவிடும். பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு இருந்தது அநேகமாக இந்த வகையாக இருக்கும். உங்கள் மருமகளுக்கு எழுதியிருப்பது பி.டி.ஏ. அது இதயத்துக்குள் இருக்கிற துளையே இல்லை. இதயத்துக்கு வெளியே, அதிலிருந்து புறப்படுகிற இரண்டு பெரிய நாடிகளை இணைக்கிற ஒரு குட்டைக் குழாய். அந்தப் பிள்ளைக்கு மூடியதால் இந்தப் பிள்ளைக்கும் மூடும் என்று கணக்குப் போட முடியாது.

இந்தக் குழாய் எல்லாப் பிள்ளைக்கும் கருவில் இருக்கும், இருந்தே ஆகவேண்டும். வயிற்றுக்குள் பிள்ளை மூச்சு விடுவதில்லை. ஒட்சிசன் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது, நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது. வலது இதயவறை தள்ளுகிற இரத்தத்துக்கு நுரையீரலில் பெரிய வேலை கிடையாது. அதனால் நுரையீரலுக்குப் போகிற சுவாசப்பை நாடிக்குள் வந்த இரத்தத்தின் பெரும்பங்கு இந்தக் குழாய் வழியாகக் குறுக்கே போய்ப் பெருநாடியில் சேர்ந்து உடம்புக்கு இறங்குகிறது. நஞ்சுக்கொடியில் சுரக்கிற புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளும், கருவின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவாக இருப்பதும் சேர்ந்து குழாயைத் திறந்தே வைத்திருக்கின்றன. பிள்ளை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் ஒட்சிசன் ஏறுகிறது. கொடி அறுபட்டதும் புரொஸ்டாகிளாண்டின் இறங்குகிறது. குழாயின் சுவரிலுள்ள தசை இறுகத் தொடங்கும். நிறைமாதப் பிள்ளைக்கு முதல் நாளிலேயே பெரும்பாலும் இறுகிவிடும், 3 நாளுக்குள் அனேகமாக எல்லாருக்கும் இறுகிவிடும். அடுத்த 2, 3 வாரத்தில் உள்ளே நார் வளர்ந்து, குழாய் இருந்த இடத்தில் ஒரு கயிறுபோல மிஞ்சும். அது பிறகு திறப்பதில்லை.

நிறைமாதத்தில் பிறந்தும் மூடாத பிள்ளைகளில் குழாயின் சுவரே வேறுமாதிரி அமைந்திருக்கிறது. இறுகவேண்டிய தசை குறைவு. ஒட்சிசன் ஏறினாலும் அந்தச் சுவர் கேட்பதில்லை. அதனால்தான் 3 மாதம் தாண்டியும் திறந்திருக்கிற குழாய், நிறைமாதப் பிள்ளையில், தானாக மூடுவது மிக அரிது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: 5 மாதத்தில், சத்தம் கேட்கிற அளவில், 3 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிற குழாய் தானாக மூடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது.

குறைமாதப் பிள்ளையின் கதை வேறு, அதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் குழாயின் சுவர் சரியாகவே இருக்கிறது, இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பலருக்கு வாரங்கள் போகப்போகத் தானாக மூடும். மூடச்செய்ய ஐபுப்ரோஃபன், பரசிட்டமோல் போன்ற மருந்துகளையும் வாட்டில் வைத்துக் கொடுப்பதுண்டு. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதில் வைத்தியர்களுக்கிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. 2024இல் வெளிவந்த பிரித்தானியப் பெரிய ஆய்வொன்றில், மிகக் குறைமாதப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே ஐபுப்ரோஃபன் கொடுத்ததால் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. நிறைமாதப் பிள்ளைக்கு இந்த மருந்துகள் குழாயை மூடா. “பனடோல் கொடுத்தால் ஓட்டை அடைபடுமாம்” என்று யாராவது போனில் அனுப்பினால் அது குறைமாதப் பிள்ளைகளின் வாட்டிலிருந்து பாதியாக வந்து சேர்ந்த செய்தி. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், நிறைக்கு ஏற்ற அளவில், கொடுக்கலாம். ஐபுப்ரோஃபனை வீட்டில் தொடவே வேண்டாம். டெங்கு இருக்கிற நாட்டில் காய்ச்சல் பிள்ளைக்கு அது இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

மலை காரணமா என்று கேட்டீர்களே, அது அர்த்தமில்லாத கேள்வி அல்ல. ஒட்சிசன் ஏறினால்தான் குழாய் இறுகும் என்றால், காற்று மெலிந்த உயரத்தில் அது சரியாக இறுகாமல் போகலாம் அல்லவா? உண்மைதான், பெருவின் அந்தீஸ் மலையிலும் திபெத் பீடபூமியிலும் இந்தக் குழாய் மூடாத பிள்ளைகள் சமவெளியைவிட மிக அதிகம் என்று பல பத்தாண்டுகளாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது 3,000 மீட்டருக்கு மேலே, முக்கியமாக 4,000 மீட்டரை ஒட்டிய ஊர்களில். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். ஹட்டன் அதைவிடப் பல நூறு மீட்டர் கீழே. பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான். நுவரெலியாவில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. பிறந்த பிள்ளையின் குழாய் இறுகுவதற்கு அது போதும். குளிருக்கும் குழாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சமவெளிக்கு இடம் மாறினாலும் 5 மாதக் குழாய் மூடாது.

அப்பாயியிடம் பக்குவமாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: கிரகணமோ, கொழுந்தெடுத்ததோ, கூடை சுமந்ததோ இதற்குக் காரணம் அல்ல. நிறைமாதப் பிள்ளைகளில் ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு. பெரும்பாலும் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது. தெரிந்த காரணங்களில் முக்கியமானது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வருகிற ருபெல்லா. அது இந்தக் குழாயோடு கண்ணில் புரையையும் காது கேளாமையையும் சேர்த்துக் கொண்டுவரும். இலங்கையில் 1996 முதல் ருபெல்லா தடுப்பூசி போடுகிறார்கள், இப்போது எம்.எம்.ஆர். ஊசியாக 9 மாதத்திலும் 3 வயதிலும். 2020இல் இந்த நாடு ருபெல்லாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் இது கூடுதலாக வருகிறது. இன்னொன்று: கர்ப்பகால ஸ்கேனில் ஏன் பார்க்கவில்லை என்று யாரையும் குறை சொல்லவேண்டாம். வயிற்றிலிருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் குழாய் திறந்தே இருப்பதால், பிறக்குமுன் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

திறந்திருந்தால் என்ன கெடுதல் என்று கேட்டால், பிறந்தபின் ஓட்டத்தின் திசை மாறிவிடுகிறது. இப்போது பெருநாடியில் அமுக்கம் அதிகம், சுவாசப்பை நாடியில் குறைவு. உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு குழாய் வழியாக நுரையீரலுக்குத் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து மறுபடி இடது பக்கத்துக்கு வந்து, மறுபடி தள்ளப்பட்டு, மறுபடி திரும்புகிறது. தோட்டத்துப் பைப்பில் நடுவில் ஒரு பக்கக் கிளை திறந்து கிடந்தால் கடைசி லயத்துக்குத் தண்ணி வர மோட்டார் எவ்வளவு அதிகம் ஓடவேண்டுமோ, இடது இதயவறை அவ்வளவு அதிகம் ஓடுகிறது. நுரையீரல் ஈரமாகி மூச்சு வேகமாகிறது. குடிக்கிற பாலின் சத்தெல்லாம் மூச்சுக்கும் இதயத்துக்கும் செலவாகி, நிறை ஏறுவதில்லை. 5 மாதத்தில் 5.1 கிலோ என்பது பெண்பிள்ளைக்கு எதிர்பார்க்கிற கீழ் எல்லைக்கும் சற்றுக் கீழே. கிளினிக் கொப்பியிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் மிட்வைப் மிஸ் வைத்த புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். கோடு எந்த மாதத்திலிருந்து தட்டையாகத் தொடங்கியது என்பது இதய வைத்தியருக்கு மிகவும் பயன்படும் தகவல். நிறை ஏறாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்கள், ஆனால் இந்தக் குழாயோடு சேர்த்துப் பார்க்கும்போது அது கவனிக்கவேண்டியதுதான்.

வீட்டில் அக்கா பார்க்கவேண்டியது மூன்று. ஒன்று மூச்சு. பிள்ளை தூங்கும்போது சட்டையை நெஞ்சுவரை தூக்கி, போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணவேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக்கூடாது. கைப்பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேகமாக, கொஞ்ச நேரம் மெதுவாக மூச்சுவிடும், கணக்குப் பிசகும். 2 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமூச்சு. தினமும் இரவில் ஒரே நேரத்தில் எண்ணி, திகதியோடு எழுதிவைத்தால், 38, 40, 44, 49 என்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, பால் குடிக்கிற விதம். இரண்டு மூன்று நிமிடம் ஆசையாக இழுத்து, களைத்து விட்டுவிட்டுத் தூங்கி, அரை மணியில் பசித்து அழுது மறுபடி களைப்பது. ஹட்டனின் மார்கழி இரவில் எல்லாரும் கம்பளிக்குள் நடுங்கும்போது பால் குடிக்கிற பிள்ளையின் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்துமுத்தாக வேர்வை நின்றால், அது உடுப்புக் கூடியதால் வந்த வேர்வையாக இருக்காது. இதயம் படுகிற பாடாகத்தான் இருக்கும். மூன்றாவது நிறம். மலைநாட்டில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர்ந்த காலையில் கைப்பிள்ளையின் உள்ளங்கை, பாதம், வாயைச் சுற்றிய தோல் நீலம் பாரிப்பது சாதாரணம், சூடேறியதும் போய்விடும். பார்க்கவேண்டியது நாக்கும் ஈறும். லயத்துக் காம்பராவின் மஞ்சள் பல்பில் நிறம் பிடிபடாது. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இந்தக் குழாய் மட்டும் உள்ள பிள்ளை நீலம் பாய்வதில்லை, ஏனென்றால் சிவந்த இரத்தம்தான் நுரையீரலுக்குத் திரும்புகிறது. நாக்கு நீலமாக இருந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெஞ்சுக் கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்கி மூச்சுவிட்டாலோ, முனகினாலோ, பால் இழுக்கவே முடியாமல் துவண்டாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தோட்டத்து லொறி வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

எக்கோ துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3 மில்லிமீட்டர் என்பது குழாயின் மிகக் குறுகிய இடத்தின் அகலம். அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. 30 கிலோப் பிள்ளைக்கு 3 மில்லிமீட்டர் சிறியது, 5 கிலோப் பிள்ளைக்கு அது சின்னது அல்ல. அடுத்து ஓட்டத்தின் திசை: இடமிருந்து வலம் என்று இருக்கவேண்டும், அப்படித்தான் இருக்கும். பிறகு இடது சோணையறையும் இடது இதயவறையும் விரிந்திருக்கின்றனவா என்று ஒரு வரி. விரிந்திருந்தால் சுமை உண்மையாகவே கூடிவிட்டது, மூடவேண்டும் என்பதற்கு வைத்தியர்கள் பார்க்கிற முக்கியமான அடையாளம் அதுதான். கடைசியில் அமுக்க வித்தியாசம் என்று ஓர் எண், மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். 60 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். இந்த எண் பெரிதாக இருப்பதுதான் நல்லது. பெருநாடியில் 90 இருந்து வித்தியாசம் 60 என்றால், சுவாசப்பை நாடியில் அமுக்கம் 30தான், நுரையீரல் நாடிகள் இன்னும் மிருதுவாக இருக்கின்றன. வித்தியாசம் 15 என்று வந்தால்தான் கவலை. நுரையீரல் பக்கத்து அமுக்கம் பெருநாடிக்குக் கிட்ட வந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் கவலைதான் பொறுத்துப் பார்ப்பதில் உள்ள ஆபத்தின் மையம், அதனால் இதை விரித்துச் சொல்கிறேன். இந்தக் குழாயின் சத்தம் விசேஷமானது. இடது காறையெலும்புக்குக் கீழே, இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இடைவிடாமல் கேட்கும், தூரத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரம் ஓடுவதுபோல; மருத்துவ நூல்களிலும் இயந்திர இரைச்சல் என்றே பெயர். பெரிய குழாயை வருடக்கணக்கில் விட்டுவைத்தால், அளவுக்கு மிஞ்சிய இரத்தமும் அமுக்கமும் பட்டு நுரையீரல் நாடிகளின் சுவர் தடித்துக் குறுகத் தொடங்கும். அமுக்கம் இரண்டு பக்கமும் ஒன்றானதும் குழாயில் ஓட்டம் குறையும், சத்தம் மங்கும். நுரையீரலுக்குப் போகும் இரத்தம் குறைவதால் மூச்சு வாங்குவதும் கொஞ்சம் தணிவதுபோல இருக்கும், நிறைகூட ஏறலாம். வீட்டார் ஓட்டை மூடிவிட்டது, சாமி கண்திறந்தது என்று கிளினிக்கை விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த நேரத்தில்தான் சிகிச்சைக்கான கதவு சாத்தப்படுகிறது. பிறகு ஓட்டம் திசை திரும்பி, நீல இரத்தம் பெருநாடியின் கீழ்ப்பகுதிக்குப் போகும். கைவிரல்கள் சிவந்திருக்கக் கால்விரல்கள் நீலமாகும். அந்த நிலைக்கு வந்தபின் குழாயை மூடினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் குழாய்தான் வலது பக்கத்துக்கு மிஞ்சிய ஒரே வடிகால். 5 மாதத்தில் இந்த நிலை வருவதில்லை, பயப்படவேண்டாம். ஆனால் சத்தம் போய்விட்டது என்பதை எக்கோ எடுத்துப் பார்க்காமல் ஒருபோதும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இரண்டு விதமான காத்திருப்பைப் பிரித்துப் பாருங்கள். மூடுமா என்று காத்திருப்பது ஒன்று. அதற்கு இந்தப் பிள்ளையில் இடமில்லை. நிறை ஏறட்டும் என்று வைத்தியர் சொல்லிக் காத்திருப்பது வேறு. தொடை இரத்தக்குழாய் வழியாக அடைக்கிற வழக்கமான கருவிகளுக்குப் பிள்ளை 5, 6 கிலோவாவது இருந்தால் வேலை சுலபம், தொடை நாடிக்கும் சேதம் குறைவு. அதனால் சில வாரம் மருந்து கொடுத்து நிறை ஏற்றிக் கொண்டுவரச் சொல்லலாம், இல்லை உடனே செய்யலாம் என்றும் சொல்லலாம். இரண்டும் சரியான முடிவுகளே. கேட்கவேண்டியது, எத்தனை கிலோவுக்கு அல்லது எந்தத் திகதிவரை காத்திருக்கிறோம் என்பது. விடையாக ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்த இடைவெளியில் அனேகமாக உடம்பின் நீரை இறக்குகிற ஃபுரோசமைட், சிலருக்குப் பிரஷரை இறக்குகிற கெப்டோப்ரில் கொடுப்பார்கள். மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னால் இரண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்: எத்தனை மில்லிலீட்டர் தண்ணீரில் கரைப்பது, அதில் எத்தனை மில்லிலீட்டரை எடுத்துக் கொடுப்பது. தேக்கரண்டியால் அளக்கவேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கவேண்டும். ஒருவேளை தவறிப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாளில் இந்த இரண்டு மருந்தும் உடம்பின் நீரையும் பிரஷரையும் மேலும் இறக்கிவிடும். அன்று கொடுக்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கட்டும். பிள்ளை களைத்து விட்டால் மிச்சத்தைப் பீய்ச்சிச் சின்னக் கோப்பையில் கொடுக்கலாம். அக்கா மலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்பவருக்கும் இதைச் சொல்லிவைக்கவேண்டும். இதய நோய் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடவேண்டாம். விறகடுப்புப் புகை வெளியே போகாமல் தங்குகிற காம்பராவில் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். இரத்தம் கூடிய நுரையீரலுக்கு ஒரு சாதாரண சளியே நியூமோனியாவாக மாறுவதற்குப் போதும்.

அடைப்பது எப்படி என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளையைத் தூங்கவைத்து, தொடையிடுக்கில் ஊசியால் குத்தி, மெல்லிய குழலொன்றை இதயம்வரை செலுத்துவார்கள். மையைச் செலுத்தி எக்ஸ்ரே படத்தில் குழாயின் வடிவத்தையும் குறுகிய இடத்தையும் அளந்து, அதற்குப் பொருந்தும் அடைப்பானைத் தெரிவுசெய்வார்கள். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியால் பின்னிய சிறு வலை அது, போத்தல் கார்க் மாதிரி. குழலுக்குள் ஒடுங்கிப் போய், குழாயின் வாயில் விரிந்து உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தபின்தான் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். சரியில்லையென்றால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். நெஞ்சைத் திறப்பதில்லை, தையலும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். குழாயின் வடிவம் பொருந்தாவிட்டால், அல்லது பிள்ளை மிகச் சிறியதாக இருந்தால், இடது விலாவுக்கிடையில் திறந்து நூலால் கட்டுவார்கள். அதற்கும் இதயத்தை நிறுத்தவோ இதய இயந்திரத்தில் போடவோ தேவையில்லை, ஏனென்றால் குழாய் இதயத்துக்கு வெளியே இருக்கிறது. 1938இல் பொஸ்டனில் ரொபர்ட் குரோஸ் என்ற வைத்தியர் 7 வயதுச் சிறுமிக்கு முதன்முதலாக இப்படிக் கட்டி வெற்றி கண்டார். பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவைச் சிகிச்சை தொடங்கியதே இந்தக் குழாயில்தான்.

கெட்டுப்போகக்கூடியவை சில உண்டு, மறைக்கவேண்டியதில்லை. அடைப்பான் நழுவி நுரையீரல் நாடிக்குப் போகலாம். அரிது, நடந்தால் பெரும்பாலும் முதல் நாளுக்குள் நடக்கும், குழலாலேயே பிடித்து எடுக்கப் பார்ப்பார்கள். ஓரத்தில் சிறு கசிவு இருக்கலாம், அது அனேகமாகச் சில வாரத்தில் அடைபடும். பலமான கசிவு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்தால் சிறுநீர் கறுத்த சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும், உடனே சொல்லவேண்டும். குத்திய பக்கத்துக் கால் மற்றக் காலைவிட வெளுத்து, குளிர்ந்து இருந்தால் தொடை நாடி அடைபட்டிருக்கலாம். வாட்டில் இருக்கும்போதே இரண்டு பாதத்தையும் ஒன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டு நனைகிறதா என்றும் பார்க்கவேண்டும். நூலால் கட்டிய பிள்ளைக்கு அழுகுரல் கம்மியிருந்தால், குழாயை ஒட்டி ஓடுகிற குரல் நரம்பு அடிபட்டிருக்கலாம்.

கொழும்பில் பெரும்பாலும் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கட்டவேண்டியதில்லை. பயணத்துக்கும் தங்கலுக்கும் செலவு உண்டு, அக்காவுக்கும் அத்தானுக்கும் அன்றைய பேர், அதாவது நாள்கூலி, போகும், அது பெரிய சுமை என்பது தெரிகிறது. அதனாலேயே ஒரு பயணமும் வீணாகக்கூடாது. கிளினிக் கொப்பி, எக்கோ துண்டு, இப்போது கொடுக்கிற மருந்துப் போத்தல்கள், மூச்சு எண்ணி எழுதிய தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அடைக்கிற நாளுக்கு முந்திய வாரத்தில் காய்ச்சல், சளி, இருமல் வந்தால் புறப்படுமுன் வாட்டுக்குப் போன் பண்ணுங்கள்; மயக்க மருந்து கொடுக்கமுடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூங்கவைக்குமுன் வயிறு காலியாக இருக்கவேண்டும். பொதுவாகத் தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன்னும், பால்மாவும் சோறும் 6 மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்துவார்கள். உங்களுக்குச் சொல்கிற நேரத்தை எழுதி வாங்கி, பிந்தியும் முந்தியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் குறைந்து களைத்த பிள்ளையைத் தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் கெடுதல்.

எல்லாக் குழாயையும் மூடத்தான் வேண்டுமா என்றால், அங்கே கருத்து வேறுபாடு உண்டு. வேறு எதற்கோ எக்கோ எடுக்கும்போது தெரிகிற, சத்தமே இல்லாத, நூலிழை போன்ற குழாயைச் சில வைத்தியர்கள் விட்டுவிடுவார்கள், சிலர் இதய உட்சவ்வில் கிருமி பற்றும் என்று மூடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. சத்தமும் நிறைக்குறைவும் உள்ள உங்கள் மருமகள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அடைத்தபின் ஏறக்குறைய 6 மாதத்தில் உடம்பின் சொந்தச் சவ்வு வலைமேல் படர்ந்து மூடிவிடும். அந்த 6 மாதத்துக்குள் பல்லில், ஈறில் ஏதாவது செய்யவேண்டி வந்தால் முதலிலேயே கிருமிகொல்லி மருந்து (அன்டிபயோட்டிக்) ஒரு வேளை கொடுக்கவேண்டும். அடைப்பானின் அட்டையைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். எக்கோ பார்க்க வரச்சொல்லும் தவணைகளைத் தவறவிடாதீர்கள். கசிவு இல்லையென்று எழுதித் தந்தபின் ஓடலாம், படியேறலாம், பள்ளிக்கூட விளையாட்டில் சேரலாம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே அடைப்பான் இருக்கிறது என்று அந்த அட்டையோடு சொல்லிவிட்டால் போதும். அக்கா இன்னொரு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் இதயக் கோளாறு வரும் வாய்ப்பு சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூட, ஏறக்குறைய 100க்கு 3. பிறந்ததும் மூத்த பிள்ளையின் கதையைச் சொல்லி, வீட்டுக்கு வருமுன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 6 வாரத்தில் கிளினிக்கில் இன்னொரு முறையும்.